ஊட்டிக்கு இ-பாஸ்: எண்ணப்படுவது ஆட்களா, வாகனங்களா?

பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானம் பறக்கத் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் நேரடி விமான சேவை ஆரம்பமானது. கோயில், வைத்தியம், கல்யாணப் புடைவை என்ற மூன்று காரணங்களுக்காகவே பெரும்பாலும் இந்தியா போய்வந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள், இப்போது அந்தப் பயணத்தோடு ஊட்டியையோ கொடைக்கானலையோ இரண்டு மூன்று நாட்களுக்குச் சேர்த்துக்கொள்கின்றன. அதே காலத்தில்தான் ‘ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம்’, ‘நாளொன்றுக்கு 6,000 வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி’ என்ற செய்திகளும் வந்துசேர்ந்தன. இது விசாவுக்கு மேல் இன்னொரு விசாவா, வெளிநாட்டவருக்கு இது கிடைக்குமா, பஸ்ஸில் போகிறவரும் எடுக்க வேண்டுமா என்ற கேள்விகள் அதனால் எழுந்துள்ளன.

இ-பாஸ் வாகனத்துக்கு உரியது என்பதைப் புரிந்துகொண்டால் மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் அது ஏன் வாகனத்தைக் கணக்கிடுகிறது என்பதை அறிவதற்கு, அந்த மலையின் வீதி, நீர், சரிவு ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் சில சொற்கள்

இங்குள்ள குழப்பத்தில் ஒரு பகுதி, ஒரே தமிழ்ச் சொல் இரு கரைகளிலும் வெவ்வேறு பொருள் தருவதால் வந்தது.

1. உயர் நீதிமன்றம்: இலங்கையில் இது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அதற்கு ‘உச்ச நீதிமன்றம்’ என்று பெயர். அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில அளவிலானது, நமது மேல் நீதிமன்றம் என்ற சொல்லுக்கு நெருங்கியது. இ-பாஸ் உத்தரவை வழங்கியது சென்னை உயர் நீதிமன்றம். எனவே அது தமிழ்நாட்டு மலைகளுக்கே செல்லும். கேரளத்தின் மூணாறுக்கோ கர்நாடகத்தின் குடகுக்கோ செல்லாது.

2. மலை வாசஸ்தலம்: வெயிலுக்கு ஒதுங்குவதற்காக ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலைமேல் அமைக்கப்பட்ட ஊர்களுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் இது. ‘மலையகம்’ என்று நாம் சொல்லும்போது ஒரு நிலப்பகுதியோடு ஒரு மக்கள் சமூகமும் அரசியல் வரலாறும் சேர்ந்து வருகின்றன. வாசஸ்தலம் என்ற சொல்லில் அவை இல்லை.

3. இ-பாஸ்: இணையத்தில் பதிவுசெய்து பெறும் வாகன நுழைவுச் சீட்டு. கட்டணம் இல்லை.

4. தாங்குதிறன்: ஓர் இடத்தின் வீதியும் நீரும் கழிவகற்றலும் சீர்குலையாமல், ஒரே நேரத்தில் அது ஏற்கக்கூடிய அளவு. வழக்கு முழுவதும் சுற்றி வருவது இந்தச் சொல்லைத்தான்.

ஐம்பது கிலோமீற்றரில் ஒரு மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்த ஒருவருக்கு மலை வீதியின் தன்மை இயல்பாகப் புலப்படாது. நம்மிடம் பெயரில் மட்டுமே மலை இருக்கிறது, கீரிமலையில். அதுவும் கடல் மட்டத்தில். ஆகவே ஓர் ஒப்பீடு உதவும். நீலகிரியின் அடிவார ஊரான மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஏ-9 வீதியில் அந்தத் தூரத்தை ஓட்டிச் செல்பவர் ஓர் ஏற்றத்தையும் உணரமாட்டார். மேட்டுப்பாளையத்து வீதியோ அதே தூரத்துக்குள் சுமார் 300 மீற்றர் உயரத்திலிருந்து 2,240 மீற்றருக்கு ஏறிவிடுகிறது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர் என்பதை நினைவில் வைத்தால், ஊட்டி அதைவிடவும் ஏறக்குறைய 370 மீற்றர் மேலே இருப்பது தெரியும்.

இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு உயரம் ஏறும் வீதி, மலையின் பக்கத்தை வெட்டி, கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்துதான் செல்ல முடியும். அத்தகைய வளைவில் ஒரு பெரிய பஸ் திரும்பும்போது எதிரே வரும் வாகனங்கள் நின்று வழிவிட வேண்டியிருக்கும். ஏறுகிற வாகனத்துக்கே முன்னுரிமை என்பது மலைவீதியின் எழுதப்பட்ட விதி; நடுச்சரிவில் நின்ற வாகனத்தை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே அதற்குக் காரணம். ஒரு பக்கம் பாறைச் சுவரும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக உள்ள இடத்தில் வீதியை அகலமாக்குவது என்றால், இன்னும் ஆழமாகச் சரிவை வெட்டுவதுதான்; அதன் விளைவை அடுத்த மழை காட்டும்.

கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகவும், அவற்றில் பாதிக்கும் மேல் கார்கள் என்றும் 2024இல் நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. இதைக் கண்முன் கொண்டுவர ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இடைவெளியும் சேர்த்து வாகனம் ஒன்றுக்கு 6 மீற்றர் என்று வைத்தால், 20,000 வாகனங்களை வரிசையாக நிறுத்த 120 கிலோமீற்றர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வரிசை மாங்குளத்தையும் தாண்டிப் போய்விடும். எல்லா வாகனமும் ஒரே வேளையில் வீதியில் நிற்பதில்லை, மேலே செல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளும் உண்டு என்பது உண்மையே. எனினும் போய்ச் சேரும் ஊர் ஒன்று. அங்கே நிறுத்துமிடமும் அளவானது. கோடையில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் என்று ஒருவழிப் பாதை முறையைப் பொலிசார் நடைமுறைப்படுத்துவதும் இதனால்தான்.

நீரும் சரிவும்

வீதி நெரிசல் பயணிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் நடப்பவை இரண்டு.

முதலாவது நீர். நீலகிரியின் மேல்மட்டம் ஒரு காலத்தில் சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி விரிந்த நிலமாக இருந்தது. பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலை, மேடுகளில் புல். மழையை உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் ஓடைகளாகக் கசியவிடுவது இந்த அமைப்புத்தான். பவானியும் மோயாறும் இங்கிருந்து நீர் பெற்றே காவிரியோடு சேர்கின்றன. விறகுக்கும் தொழிற்சாலைக்குமாகத் தைலமரம், சீகை, பைன் ஆகியவை புல்வெளிகளில் நடப்பட்டன, தேயிலை பரவியது, கிழங்கும் கரட்டும் படிகட்டிப் பயிரிடப்பட்டன. உறிஞ்சும் நிலம் அந்த அளவுக்குச் சுருங்கியது. படங்களில் அழகாகத் தெரியும் ஊட்டி ஏரி, கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜோன் சலிவன் 1820களில் வெட்டுவித்த செயற்கை ஏரி. ஊர்க்கழிவு கலந்ததால் அதன் நீர் குடிக்க உதவாது. ஊரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் பார்சன்ஸ் வேலி நீர்த்தேக்கம். பயணிகள் பெருந்தொகையாக வரும் ஏப்ரல், மே மாதங்கள்தான் அந்த நீர்த்தேக்கம் தாழ்ந்திருக்கும் மாதங்களும். கிணற்றையே நம்பி வாழும் வலிகாமத்தவருக்கு, எடுக்கும் அளவும் ஊறும் அளவும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்கள் தொடர்ந்த பெருமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஓகஸ்டில் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவானது. யாழ்ப்பாணம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழை சுமார் 1,200 மில்லிமீற்றர்தான் என்பதால், அந்த எண்ணின் கனம் நமக்கு விளங்கும். நீலகிரியை ஒட்டிய வயநாட்டில் 2024 ஜூலை 30இல் நேர்ந்த பேரழிவும், நம் நாட்டில் 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் புதையுண்டதும் மண்ணும் நீரும் சரிவும் கூடிய அதே வகைச் சம்பவங்கள். கட்டடம் கூடும்போது வெட்டு கூடுகிறது. வெட்டு கூடும்போது மழைநீரின் வடிகால் மாறுகிறது. நீலகிரியில் கட்டட உயரத்துக்கும் சரிவில் கட்டுவதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பது இதனால்.

வழக்கு எப்படி எண்ணுக்கு வந்தது

1. 2024 ஏப்ரல் 29இல் சென்னை உயர் நீதிமன்றம், மே 7 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. அப்போது உச்சவரம்பு எதுவும் இல்லை. கேட்டவர் எல்லோருக்கும் கிடைத்தது. எத்தனை வாகனம், எங்கிருந்து, எத்தனை பேரோடு, எத்தனை நாளுக்கு வருகிறது என்று தெரிந்துகொள்வதே முதல் நோக்கம். அந்தச் சீட்டை ஒரு கணக்கெடுப்பு என்று சொல்வதே பொருத்தம்.

2. கால எல்லை முடிந்ததும் உத்தரவு நீட்டிக்கப்பட்டது. தாங்குதிறனை மதிப்பிடும் ஆய்வு, சென்னை ஐஐடியையும் பெங்களூர் ஐஐஎம்மையும் கொண்டு மேற்கொள்ளப்பட்டது.

3. 2025 மார்ச்சில் எண் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000.

4. அரச பஸ், ரயில், உள்ளூர் வாகனங்கள், விளைபொருள் ஏற்றும் வாகனங்கள், அவசர மருத்துவ வாகனங்கள் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை.

இதில் ஒரு முரண் கண்ணில் படுகிறது. ஏற்கெனவே நெரிசல் கூடிய வார இறுதிக்கே கூடுதல் எண்ணிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. மலையின் தாங்குதிறன் சனிக்கிழமையில் விரிந்து திங்கட்கிழமையில் சுருங்குவதில்லை. ஆகவே 8,000 என்பது சூழலியல் கணக்கும் வணிகரின் தேவையும் சந்தித்த ஓர் இடைப்பட்ட எண் என்றே கொள்ள வேண்டும். அதுவும் வணிகரைத் திருப்திப்படுத்தவில்லை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரியில் கடையடைப்பு நடந்தது. இரண்டு மாத வருமானத்தில் ஆண்டைத் தள்ளும் சிறு விடுதிக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாகனத்தை அலகாக எடுத்தது சரியான தெரிவு என்றே தோன்றுகிறது: நான்கு பேர் வீதம் வரும் 12 கார்களின் ஆட்களை ஒரே பஸ் ஏற்றிவிடும். ஆட்களைக் குறைக்காமலே நெரிசலைக் குறைக்க இடம் தருகிற அலகு அது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்துப் பயணி செய்ய வேண்டியது

இந்திய விசா வேறு, இ-பாஸ் வேறு. விசா ஆளுக்கு, அதை இந்திய மத்திய அரசு கொடுக்கிறது. வடகிழக்கு எல்லை மாநிலங்களின் சில பகுதிகளுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி பெற வேண்டியிருப்பதுபோல நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இலத்திரனியல் விசா எடுப்பவர், அது குறிப்பிட்ட நுழைவாயில்களில் மட்டுமே செல்லும் என்பதால், விமானத்திலா கப்பலிலா போவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

இ-பாஸைப் பொறுத்தவரை நிலைமை மூன்று வகைப்படும்.

1. அரச பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர் எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

2. வாடகைக் காரில் போகிறவருக்கு, சீட்டு அந்தக் காரின் இலக்கத்தில் இருக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் சாரதியோ வாகன முகவரோ எடுத்துவிடுவார். எடுத்தாரா என்பதை மேட்டுப்பாளையத்தைத் தாண்டும் முன்னரே, முடிந்தால் முற்பணம் கொடுக்கும் முன்னரே, கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கல்லாறு, குஞ்சப்பனைச் சோதனைச் சாவடிகளில் திருப்பி அனுப்பப்பட்டால் இழக்கப்படுவது அரை நாள்.

3. தானே பதிவுசெய்ய விரும்பும் வெளிநாட்டவருக்கு, இந்தியத் தொலைபேசி இலக்கம் இல்லாவிட்டாலும் மின்னஞ்சல் முகவரி மூலம் பதிவுசெய்ய வழி உண்டு. வாகன இலக்கம், வரும் நாள், தங்கும் நாட்கள், ஆட்களின் எண்ணிக்கை, தங்குமிடம் ஆகிய விபரங்கள் கேட்கப்படும்.

விடுதியில் கடவுச்சீட்டின் பிரதியை வாங்கி வைப்பதைக் கண்டு சிலர் கலவரமடைவதுண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணிநேரத்துக்குள் அதைப் பதிவுசெய்வது இந்தியா முழுவதும் விடுதிக்காரரின் சட்டக் கடமை. பொதுவாக ‘சி’ படிவம் என்று சொல்லப்படுவது அதுதான். தமிழ் பேசுவதால் நாம் வெளிநாட்டவர் என்பதை நாமே மறந்துவிடுகிறோம், படிவம் மறப்பதில்லை.

இன்னொன்று தண்ணீர்ப் போத்தல். நீலகிரியில் 5 லீற்றருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்குத் தடை உண்டு; கொடைக்கானலிலும் தடை இருப்பதோடு, அங்கே போத்தல் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் விதிக்கப்பட்டது. பலாலியில் வாங்கிய அரைலீற்றர்ப் போத்தலைக் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டு, எவர்சில்வர்ப் போத்தலோடு ஏறுவதே வசதி.

வரம்புக்கு வெளியே ஓடும் ரயில்

இ-பாஸும் வேண்டாம், வளைவில் வயிறும் புரளாது என்பதால், மலை ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீற்றர். குன்னூர்வரை 1899இலும் ஊட்டிவரை 1908இலும் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி விரைவு ரயில், காலையில் இதைப் பிடிக்கத் தோதாக மேட்டுப்பாளையம் வருகிறது.

கல்லாறு நிலையம் தாண்டியதும் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி என்றாகிவிடுகிறது. சாதாரண இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுகிறது; பெட்டி கழன்றாலும் எஞ்சின்மீதே சாயும், பள்ளத்துக்கு ஓடாது. ஒவ்வொரு பெட்டியின் முன்தளத்திலும் கையில் கொடியோடு ஒரு பிறேக்காளர் நிற்பார். முன்னால் நிற்பவர் காட்டும் கொடியே பின்னால் இருக்கும் சாரதிக்குக் கண். 16 சுரங்கங்களும் 208 வளைவுகளும் கடந்து மேலே போய்ச்சேர ஐந்து மணிநேரம் ஆகும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். இடங்கள் குறைவு என்பதால் விரைவில் முடிந்தும் விடும். கிடைக்காதவர் கோயம்புத்தூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ அரச பஸ்ஸில் ஏறலாம்.

அந்த மலையில் நமது தடங்கள்

உதகமண்டலம் என்ற பெயரின் வாலில் இருப்பது தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் படகரும் வாழும் மாவட்டம் நீலகிரி. அவர்களோடு இன்னொரு சமூகமும் உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தை ஆரம்பித்தது. பின்னாளில் ‘டான்டீ’ ஆனது அதுதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர் பேசும் தமிழில் ஹட்டனோ பதுளையோ காதில் பட்டால் வியக்க வேண்டியதில்லை.

கொடைக்கானலுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பணிசெய்த அமெரிக்க மிஷன், 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்தே மதுரைக்குக் கிளை பரப்பியது. மதுரையின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுக்க முடியாத அந்த மிஷனரிமார் 1845இல் மலைமேல் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்துதான் கொடைக்கானல் என்ற வாசஸ்தலம் தொடங்குகிறது.

எந்த மாதத்தில் போவது

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்றே விடுமுறைகள்.

ஏப்ரலில் போனால் வாகன வரம்பும் கூட்டமும் விடுதிக் கட்டண உயர்வும் ஒன்றுசேரும். சித்திரைப் புத்தாண்டில் நுவரெலியாவின் வீதிகளில் நின்று தவித்தவருக்கு அது புதிய அனுபவமாக இராது. வார நாட்களில் சென்றால் ஓரளவு தப்பலாம்.

ஓகஸ்ட் சோளகக் காலம். நமக்கு அது காற்றும் புழுதியும். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு அதுவே பெருமழை. அவலாஞ்சி, கூடலூர் பக்கம் வேண்டாம். கிழக்கே குன்னூரிலும் கோத்தகிரியிலும் மழை குறைவாக இருக்கும். மலையே மேகத்தை மறிப்பதால் வரும் பயன் அது.

டிசம்பரில் வாடை. வங்காள விரிகுடாவில் எழும் ஒரே தாழமுக்கம் வன்னிக் குளங்களையும் நிரப்பி, குன்னூர்ச் சரிவுகளையும் நனைக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயில் நிறுத்தப்படுவது ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் வழக்கம். அதே காலநிலையில் காங்கேசன்துறைக் கப்பலும் நிற்பதுண்டு. மழை விட்ட பின் டிசம்பர் இறுதியில் இரவுகள் பூச்சியப் பாகைக்கு அருகே இறங்கி, காலையில் தலைக்குந்தாப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அதைப் பார்க்க விரும்புபவர், திருவெம்பாவைக்குக் குளிரில் எழும்பிய பழக்கத்தை மட்டும் நம்பாமல், கம்பளிச் சட்டை கொண்டுபோக வேண்டும். விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு, தைப்பொங்கல் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரையான வாரங்கள்தான் வீதி, ரயில், கப்பல் மூன்றும் ஒருமிக்கத் திறந்திருக்க அதிக வாய்ப்புள்ளவை.